மாதிரி காசோலை போதும், வீட்டுக்கு நிலம் எங்கே?



"கோயில் பக்கத்துல அரசியல் எதுக்கு?"ன்னு போன வாரம் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. பதில் கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

நாங்க தொண்டர்கள். மடப்பள்ளியில காய் வெட்டுறது, அன்னதானத்துக்கு இலை போடுறது, திருவிழா அன்னிக்கு கார் நிறுத்த வழி காட்டுறது, இதுதான் எங்க வேலை. அதனால யார் எங்கிருந்து வர்றாங்கன்னு எங்களுக்குத் தெரியும். முன்ன லயத்து வீட்டுல இருந்து பால்குடம் தூக்கி நடந்து வந்த குடும்பங்கள் இப்ப சிரம்பான்ல இருந்தும் ஜொகூர் பாருவுல இருந்தும் கார்ல வருது. வருஷத்துல ஒரு நாள். மத்த நாள்ல அம்மனுக்கு விளக்கேத்த பூசாரியும் ரெண்டு பாட்டிகளும்தான்.

பக்தி குறைஞ்சதால இல்ல. குடியிருக்க வீடு இல்லாததால.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தோட்டம், பேர் வேண்டாம். நிலம் கைமாறிச்சு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி கடிதம் வந்துச்சு. நாற்பது வருஷம் பால் மரம் வெட்டின ஒரு பாட்டி இப்ப டவுன்ல பிளாட்டு மூணாவது மாடியில வாடகைக்கு இருக்காங்க. லிப்ட் அடிக்கடி கெட்டுப்போகும், முட்டி வலி வேற. வெள்ளிக்கிழமை யாராவது கார்ல போய் கூட்டிட்டு வந்தாத்தான் அவங்களுக்கு அம்மன் தரிசனம்.

"தோட்டத்து வீடு கம்பெனி வீடு, வேலை முடிஞ்சா விடத்தானே வேணும்"னு சிலர் சொல்றீங்க. உண்மைதான். 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும் வேலை செய்யுற காலத்துக்குத்தான் குறைந்தபட்ச வசதியைப் பேசுது. வேலை போற அன்னிக்கே கூரையும் போயிடும். "இ.பி.எப். பணத்துல வாங்கியிருக்கலாமே"ன்னும் கேக்குறாங்க. நாள் கூலியில பிடிச்ச இ.பி.எப். எவ்வளவு சேரும்னு கேக்குறவங்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நாங்க ஒரு கணக்குப் போட்டோம். 2019-இல் வந்த தேசியக் கொள்கைப்படி "வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடு" 3 லட்சம் வெள்ளி வரைக்கும் போகலாம். நாலு சதவீத வட்டி, முப்பது வருஷக் கடன்னா மாசத் தவணை 1,400 வெள்ளிக்கு மேல. குறைந்தபட்ச சம்பளம் 1,700. யாரோட வாங்கும் சக்தி ஐயா இது? அறுபது வயசு ஆளுக்கு எந்த பேங்க் முப்பது வருஷக் கடன் கொடுக்கும்? 1982-இல் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கமே 25,000 வெள்ளின்னு விலை வச்சுது. அந்த வார்த்தையே இப்ப வாயில வர்றதில்ல.

இனி அரசியலுக்கு வர்றோம்.

திருவிழாவுக்கு ஒய்.பி. வருவார். மேளம், மாலை, பொன்னாடை. ஒரு பெரிய அட்டையில மாதிரி காசோலை, எல்லாரும் பிடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ. நாங்களும்தான் பிடிச்சோம், மறைக்க ஒன்னும் இல்ல. அந்த அட்டைங்க ஸ்டோர் ரூம்ல சாய்ச்சு வச்சிருக்கு. கூரை ஒழுகுறப்ப அரிசி மூட்டையை மூட உதவுது. காசு வந்துச்சு, பெயிண்ட் அடிச்சோம், நன்றி. ஆனா கும்பிட வர்ற ஆளுக்கு வீடு எங்கேன்னு அந்த மேடையில நாங்க ஒருத்தர்கூட கேக்கல. அது எங்க தப்பு.

ஏன் மாநில அரசைக் கேக்கணும்? நம்ம நாட்டுல நிலம் மாநிலத்தோட அதிகாரம். ரப்பர், செம்பனை நிலத்தை வீடு கட்டுற நிலமா மாத்தணும்னா மாநில அரசோட ஒப்புதல் வேணும். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறையாத தோட்டத்தைப் பிரிச்சு பல பேருக்கு விக்கணும்னா, தேசிய நிலச் சட்டம் 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியம் அனுமதிக்கணும். அந்தக் கையெழுத்துக்கு முன்னாடி நிபந்தனை போட எவ்வளவு செலவு? ஒரு காசு இல்ல. "அங்க குடியிருக்கிறவங்களுக்கு அதே நிலத்துல மலிவு விலை வீடு கட்டி, சாவி கொடுத்த பிறகுதான் லயத்தை உடைக்கணும். கோயிலுக்கு தனி லாட், தனி கிராண்ட்." இவ்வளவுதான் நாங்க கேக்குறது. அங்க இருக்கிறது மலாய்க்காரக் குடும்பமோ சீனக் குடும்பமோ, அவங்களுக்கும் இதே நிபந்தனைதான்.

கிராண்ட் ஏன் முக்கியம்னு மலாக்காக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். துக்காங் இமாஸ் சாலையில பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் இருந்து நிக்குது. டச்சுக்காரன் காலத்திலேயே நிலம் செட்டி சமூகத்து கைக்கு வந்துடுச்சு. மாசி மகத்துக்கு இன்னிக்கும் செங் சன்னாசிமலைக்கு ஊரே திரளுது. தோட்டத்துக் கோயில்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. நம்ம தாத்தாமார் கம்பெனி நிலத்துல கல்லை நட்டு கும்பிட்டாங்க. காகிதம் யாரும் கொடுக்கல, அவங்களும் கேக்கல.

கேக்கத் தெரியாத ஜனமா நாம? 1967-இல் நம்ம புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டு கோலாலம்பூரை நோக்கி நடந்தே கிளம்பினாங்க. சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கத்துல ஐந்து தோட்டத்து மக்கள், 245 குடும்பம், இருபது வருஷத்துக்கு மேல விடாம கேட்டதாலதான் வீட்டுத் திட்டம் வந்துச்சு. இருபது வருஷம்! அதுக்குள்ள எத்தனை பேர் கண்ணை மூடினாங்களோ. முதல்லயே நிபந்தனை போட்டிருந்தா அந்த இழுபறியே வந்திருக்காது.

மலாக்காவுல 2018-இல் ஆட்சி மாறுச்சு, 2020-இல் மறுபடி மாறுச்சு. 2021-இல் நாலு சட்டமன்ற உறுப்பினர் ஆதரவை மீட்டுக்கிட்டதும் சபை கலைஞ்சு நவம்பர் 20-இல் தேர்தல். தேசிய முன்னணிக்கு 28-இல் 21 தொகுதி. 2023-இல் முதலமைச்சரும் மாறினார். இவ்வளவு மாற்றத்துலயும் நிலம் மாத்துற பேனா மட்டும் மாநில அரசு கையிலயேதான் இருந்துச்சு. அதனால எந்தக் கட்சி நல்ல கட்சின்னு எங்ககிட்ட கேக்காதீங்க. காடெக், அசகான், மெர்லிமாவ், எந்தத் தொகுதியா இருந்தாலும் ஓட்டுக் கேட்டு வர்றவர்கிட்ட நிபந்தனை போடுவீங்களா மாட்டீங்களான்னு கேளுங்க. பதிலை வீடியோ எடுத்துக்குங்க. மாலை அப்புறம் போடலாம்.

வர்ற ஞாயிறு உச்சிகால பூஜை முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல பேர் எழுதுறோம். தோட்டத்து வீட்டுல இருக்கிறவங்க, காலி பண்ணச் சொல்லி கடிதம் வந்தவங்க, ஏற்கனவே வெளியேறி வாடகைக்கு இருக்கிறவங்க எல்லாரும் வரலாம். ஐ.சி. நகல், பழைய சம்பளச் சீட்டு, தோட்டத்துல கொடுத்த கடிதம் எது இருந்தாலும் கொண்டு வாங்க. கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, தூக்கிப் போட்டுடாதீங்க. நடக்க முடியாத பெரியவங்களைக் கூட்டி வர மூணு கார் இருக்கு, இன்னும் ரெண்டு வேணும். கொடுக்கிறவங்க கீழ சொல்லுங்க. அன்னதானம் உண்டு.