உறவு வேறு, சம்பளக் கணக்கு வேறு

நம்மவருள் ஆள் வைத்துத் தொழில் நடத்துவோரிடையே ஒரு சொல் வழங்கி வருகிறது. "எங்கள் கடையில் முதலாளி, தொழிலாளி என்ற பேதமே கிடையாது, எல்லோரும் ஒரே குடும்பம்" என்பதே அச்சொல். காதுக்கு இனிக்கிறது, மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அக்குடும்பத்தில் எவருக்காவது நியமனக் கடிதம் உண்டா, மாதந்தோறும் சம்பளச் சீட்டு உண்டா, சேமநிதிப் பணம் தவறாமல் போய்ச் சேர்கிறதா, வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உடனே குடும்பத் தலைவரின் முகம் கோணுகிறது. "நமக்குள் எதற்கய்யா எழுத்து?" என்கிறார்.

உறவின் பேரால் ஆள் சேர்த்து, உறவின் பேராலேயே வாயையும் அடைத்த கதை நமக்குப் புதிதன்று. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910இல் முடிவு கட்டப்பட்ட பின் ஓங்கி நின்றது கங்காணி முறை. கங்காணி யார்? அயலானா? இல்லை. தன் ஊருக்கே சென்று, மாமன் என்றும் மச்சான் என்றும் அழைத்துக் கப்பலேற்றியவன். பிரட்டுக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு உண்டு. காய்ச்சலில் கிடந்தவனைத் தட்டியெழுப்பிக் காட்டுக்கு அனுப்பினால் அது அன்பினாலா, அந்தத் தலைக்காசினாலா? உறவு இருந்தது, உரிமை இருக்கவில்லை. இந்திய அரசாங்கம் 1938இல் தொழிலாளர் கப்பலேறுவதைத் தடுத்ததோடு அம்முறை ஓய்ந்தது. கங்காணி போனான், அவனுடைய பேச்சு மட்டும் நம் உணவுக்கடைகளிலும், முடிதிருத்தகங்களிலும், பட்டறைகளிலும் தங்கிவிட்டது.

சட்டம் அப்படி என்னதான் கேட்கிறது? தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. சம்பள காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும் என்கிறது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு வேண்டும் என்கிறது. இச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தபோது, வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மாதம் 1,700 ரிங்கிட் என்னும் குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் பெரிய நிலையங்களுக்கும், ஆகஸ்டு முதல் நாளில் ஐந்து ஆளுக்குக் குறைந்த சிறு கடைகளுக்கும் வந்துவிட்டது. சிங்கப்பூரிலோ, விவரமான சம்பளச் சீட்டும் வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவதும் 2016 ஏப்ரல் முதல் கட்டாயமாயின. இவற்றுள் எது ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிடும்?

எழுத்தில்லாவிட்டால் பொறுப்பில்லை என்று எண்ணுவோர் உண்டு. அக்கதவையும் 2022இன் திருத்தம் அடைத்துவிட்டது. ஒப்பந்தம் எழுதப்படாத இடத்தில், ஒருவர் வேலை செய்யும் முறையும் நேரமும் மற்றவருடைய கட்டளைக்கு உட்பட்டவையானால், அவர் தொழிலாளியே என்று சட்டம் கொள்ளும். இல்லை என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். சட்டம் குறித்த அளவுக்குக் குறைந்த நிபந்தனைக்குத் தொழிலாளி தலையசைத்திருந்தாலும் அது செல்லாது. தனித் தண்டனை குறிக்கப்படாத குற்றங்களுக்கே அபராதம் 50,000 ரிங்கிட் வரை போகும்.

"ஆட்களே சேமநிதி வேண்டாம் என்கிறார்கள், கையில் கொடுத்துவிடு என்கிறார்கள்" என்பது அடுத்த சமாதானம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது வயதுக்கு உட்பட்ட குடிமகனின் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால், அவர் பங்கு நூற்றுக்கு 11. முதலாளியின் பங்கு நூற்றுக்கு 13. அப்பதின்மூன்று, மாதம் 221 ரிங்கிட், ஆண்டுக்கு 2,652, பத்தாண்டில், லாப ஈவு சேராமலே 26,520 ரிங்கிட். வேண்டாம் என்று சொல்ல வைத்தவர் யார், அதனால் மிச்சம் பிடித்தவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். முதுமையில் அவர் கையேந்தி வரும்போது இந்தக் 'குடும்பம்' மாதம் 221 ரிங்கிட் கொடுக்குமா?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளையின் கடவுச்சீட்டைப் 'பத்திரமாக இருக்கட்டும்' என்று பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்களே, அது எந்த உறவில் சேர்ந்தது? பிறர் கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். அச்சுறுத்தியும் ஏமாற்றியும் வேலை வாங்கி, விட்டுப் போகவொட்டாமல் தடுப்பது கட்டாய உழைப்பு. அதற்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் வேலைச் சட்டத்திலேயே இப்பொழுது ஏறியிருக்கின்றன. 'தம்பி' என்று அழைப்பவர், தம் உடன்பிறந்த தம்பியின் கடவுச்சீட்டை இப்படிப் பூட்டி வைப்பாரா?

சிறு கடைக்கு இச்சுமை தாங்காது என்பாரும் உளர். அரிசி வியாபாரியிடம், "நான் சிறு கடைக்காரன், மூட்டைக்குப் பாதி விலைதான் தருவேன்" என்று இவர்கள் சொல்வதுண்டா? மின்சாரக் கட்டணத்தில் உறவு பேசுவதுண்டா? தொழிலாளியின் உழைப்புக்கு மட்டும் ஏன் கடனும் பாதி விலையும்? ஆளுக்குரிய முழுச் செலவையும் கணக்கில் வைத்து நடத்த முடியாத தொழில், பிறர் வயிற்றில் கைவைத்தே நடக்கிறது என்றுதான் பொருள்.

மனிதவள அதிகாரி என்று இன்று பெயர் பெற்றிருப்போருக்கும் ஒரு வார்த்தை. அன்று தோட்டத்துக் கிராணியின் பேனா, செக்ரோலில் ஒரே கோட்டில் முழு நாளை அரை நாளாக்கியது. அந்தப் பேனாதான் இன்று உங்கள் கையில் கணினியாக இருக்கிறது. வேலை நேரமும் சம்பளமும் பதியும் ஏட்டை ஆறாண்டுகள் காக்கவேண்டும் என்பது சட்டம். அவ்வேட்டில் பொய் ஏற்றச் சொன்னால், "ஐயா, இது கூடாது" என்று சொல்வதே நீங்கள் வாங்கும் சம்பளத்திற்கு உரிய வேலை. முதலாளியை வழக்கிலிருந்து காப்பவரும் அப்படிச் சொல்பவரே.

தொழிலாளத் தோழர்களே! சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்த நேரத்தை நீங்களும் குறித்து வையுங்கள். கொடுபடாத சம்பளத்திற்குத் தொழிலாளர் இலாகாவில் முறையிட வக்கீல் வேண்டியதில்லை.

முதலாளிமாரே! இம்மாதச் சம்பளம் கொடுக்குமுன் உங்கள் ஏட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கு நேரே ஒப்பந்தமும், நேரமும், சேமநிதியும், ஓய்வு நாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாதவற்றை எழுதுங்கள், நிலுவையைத் தீருங்கள். குடும்பம் என்ற பேச்சை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.