ஃப்ளூ மாத்திரை: போடலாமா, வேண்டாமா?

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் போதும், நெட்டுக்குப்பத்தில் வீட்டுக்கு ஒருவர் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார். வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ காய்ச்சலும் வந்து இறங்கும் காலம் அது. அப்போது என்னைத் தேடி வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ‘டாக்டரு, அந்த டாமிஃப்ளூ மாத்திரையப் போட்டுக்கினா நாளைக்கே கடலுக்குப் போயிடலாமா?’ என்பது ஒரு கட்சி. ‘இங்கிலீஷ் மருந்தே வேணாம் சார், சூடு! நீங்க கஷாயம் குடுங்க, போதும்’ என்பது இன்னொரு கட்சி. நான் சொல்கிற பதில் இரண்டு கட்சிக்கும் பிடிப்பதில்லை!

டாமிஃப்ளூ என்று நாம் சொல்லும் மருந்தின் பெயர் ஒசல்டாமிவிர். 2009-ல் பன்றிக் காய்ச்சல் பீதி சென்னையைப் பிடித்து ஆட்டியபோதுதான் இந்தப் பெயர் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. இது காய்ச்சலை இறக்கும் மருந்து அல்ல. உடம்பின் ஒரு செல்லுக்குள் பெருகிய வைரஸ் அதைவிட்டு வெளியேறி அடுத்த செல்லுக்குத் தாவாமல் தடுப்பதுதான் இதன் வேலை. வைரஸ் ஊர் முழுக்கப் பரவிய பிறகு கதவைச் சாத்தி என்ன பயன்? அதனால்தான் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். சாதாரண சளிக்கும், டெங்குவுக்கும் இது கேட்காது.

இடையில் ஒரு சேதி. இந்த மருந்துக்கு மூலப்பொருளான ஷிகிமிக் அமிலத்தை நம் பிரியாணி அன்னாசிப்பூவிலிருந்தும் எடுக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்கள் உண்டு. மூலப்பொருள் வேறு, மருந்து வேறு. குடித்தால் வாய் மணக்கும், அவ்வளவுதான்!

சரி, லாபம் எவ்வளவு? மருந்து ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2014-ல் கணக்குப் போட்டுச் சொன்னது. பெரியவர்களுக்கு 7 நாள் இருக்கும் தொல்லை 6.3 நாளாகக் குறைகிறது. அதாவது சுமார் 17 மணி நேரம். ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை குறைந்ததாக அந்தக் கணக்கில் தெரியவில்லை. நஷ்டம்? மாத்திரை போட்ட 100 பேரில் கூடுதலாக நாலைந்து பேருக்குக் குமட்டல், வாந்தி. விடலைப் பிள்ளைகளில் சிலர் உளறுவதும் எழுந்து ஓடுவதும் கண்டு, ஜப்பானில் 2007-ல் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடே கொண்டுவந்தார்கள். அதற்கு மருந்து காரணமா, காய்ச்சல் காரணமா என்பது தெளிவாகாமல் 2018-ல் விலக்கிக்கொண்டார்கள். எப்படியானாலும் காய்ச்சல் பிள்ளையை முதல் இரண்டு நாள் தனியே விடாதீர்கள்.

ஆகவே, திடகாத்திரமான முப்பது வயதுக்காரர் 17 மணி நேரத்துக்காக இதைப் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஓய்வு, கஞ்சி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். (குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.)

ஆனால் எல்லார் வீட்டுத் தராசும் ஒன்றல்ல. எங்கள் எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிச் சாம்பலும் லாரிப் புழுதியும் குடித்து வளர்ந்த நுரையீரல்கள் அதிகம். இழுப்பு இல்லாத தெருவே இல்லை என்பேன். ஆஸ்துமா, சர்க்கரை, இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 65 வயது கடந்தவர்கள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு ஃப்ளூ நிமோனியாவாக முற்றலாம். இவர்கள் விஷயத்தில் 17 மணி நேரக் கணக்குப் பேசுவது தப்பு. இவர்களுக்கு மருந்தைத் தரலாம் என்கிறது நம் மத்திய சுகாதார அமைச்சகம். கடுமையாகாத காய்ச்சலுக்கு ஒசல்டாமிவிர் வேண்டாம், கடுமையானால் தரலாம் என்று 2024-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை! எங்கள் ஊர் நெஞ்சுகளை ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கேட்டுப் பழகிய நான், அமைச்சகத்தின் பக்கம்தான்.

இப்போது இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து வந்தவன் நான். நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் நானே தருகிறேன், நம்பித்தான் தருகிறேன். ஆனால் இழுப்பு உள்ள ஒரு ஆயா, ‘ரெண்டு நாள் உன் கஷாயத்தக் குடிச்சிப் பாக்கறேன் நைனா, அப்பால பாக்கலாம்’ என்றால் நான் சம்மதிப்பதில்லை. அந்த இரண்டு நாள்தான் மாத்திரை வேலை செய்யும் இரண்டு நாள்! முதலில் ஆங்கில மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். கஷாயம் குடிப்பதை அவரிடம் மறைக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டி வரும்.

‘எனக்கு இது எதற்கு? போடாவிட்டால் என்ன ஆகும்? காய்ச்சல் வந்து எத்தனை மணி நேரம் ஆச்சு, இன்னும் பலன் உண்டா?’ என்று அவரிடம் தாராளமாகக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் மருத்துவரும் உண்டுதான். பரவாயில்லை, கேளுங்கள்.

மருந்துக் கடையில் நேரே போய்க் கேட்காதீர்கள். 2017-லிருந்து இது எச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் தரக் கூடாது, தந்ததைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், காலை, இரவு, ஐந்து நாள். காய்ச்சல் விட்டதென்று மூன்றாம் நாள் நிறுத்தி, மீதியை எதிர்வீட்டுக்குக் கொடுக்கும் தாராள மனசு இங்கே வேண்டாம்!

மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடு நீலம் பாய்தல், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடத்தல்... இதில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரை விவாதத்தை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டான்லிக்குப் போய்ச் சேர ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, விடியட்டும் என்று காத்திராமல் கிளம்புங்கள்.