எந்தப் புலியூர்?

சில மாதங்களுக்கு முன்பு காடாம்புலியூரில் நண்பர் இல்லத்து விழா ஒன்றுக்குச் சென்றோம். பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலிச் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது, கைப்பேசி வரைபடம் சொல்லியபடி நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்தோம். மண்பாதை ஒன்று நீண்டு, முந்திரிக் காட்டின் நடுவே முடிந்தது. சேர வேண்டிய இடம் வந்துவிட்டதாகக் கைப்பேசி அறிவித்தது. வீடு ஒன்றையும் காணோம். சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். “ஊரு அந்தாண்ட இருக்குது. யாரு வூட்டுக்கு வந்தீங்க?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை எந்த வரைபடமும் நம்மிடம் கேட்டதில்லை.

இதனைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் ஊர் ஏன் முந்திரிக் காட்டுக்குள் போய் நின்றது என்று எண்ணிப் பார்த்தால், இப்பிழைக்குக் காரணங்கள் ஒன்றல்ல, பல என்பது புலப்படும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதலிய அரசுத் தரவுகள் வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொண்டவை. பல குக்கிராமங்களையும் கொல்லைகளையும் உள்ளடக்கிய அந்தப் பரப்பின் நடுப்புள்ளியையே ஊராகக் குறித்தால், புள்ளி எங்கேனும் தோப்பில் விழும். உலக ஊர்ப்பெயர்த் தொகுப்புகளில் இன்னொரு குறை உண்டு. ஊரின் இருப்பிடத்தைப் பாகை, கலை அளவில் மட்டும் எழுதி, விகலையை விட்டுவிட்ட பதிவுகள் அவற்றில் ஏராளம். ஒரு கலை என்பது நிலத்தில் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். முழுக் கலையாகச் சுருக்கி எழுதும்போது ஓர் ஊர் வடக்கிலோ தெற்கிலோ 900 மீட்டர் வரை நகர்ந்துவிடக்கூடும். இவை போதாவென்று, பழைய இந்திய நில அளவைப் படங்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய செயற்கைக்கோள் முறையின் அடிப்படை வேறு. உரிய திருத்தமின்றி ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்தால் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட விலகல் வரும்.

இவை கணக்கின் பிழைகள், கணக்கினாலேயே தீர்க்கத்தக்கவை. பெயரின் பிழை அத்தகையதன்று.

நம் முன்னோர்க்குப் புலியூர்கள் பல இருந்தன. சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர், கடலூரில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர், இன்று ராஜேந்திரப்பட்டினம் என வழங்குவது எருக்கத்தம்புலியூர், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஓமாம்புலியூர், திருவையாற்றை அடுத்துப் பெரும்புலியூர். புலிக்கால் முனிவரோடு தொடர்புடைய ஒன்பது புலியூர்களை ஒருசேர எண்ணும் மரபும் உண்டு. இத்தனை புலியூர்களுக்கிடையே வழிப்போக்கன் தடுமாறாதிருக்கப் பாதிரி மரமும் எருக்கும் அடைமொழியாய் நின்றன. அடைமொழியே அக்காலத்து அட்சரேகையும் தீர்க்கரேகையும் என்று சொல்வது மிகையாகாது. அதைச் சுருக்கியோ சிதைத்தோ எழுதினால் ஊர் தன் இடத்தை இழக்கிறது.

காடாம்புலியூரை ரோமன் எழுத்தில் எழுதுங்கள். குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். அதைக் கொண்டு மீண்டும் தமிழில் எழுதுபவர் ‘கடம்புலியூர்’ என்றும் எழுதலாம். தவறு கண்டுபிடிக்க வழியில்லை. இதனைச் சரிசெய்ய அரசு முயலாமல் இல்லை. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை 2020 ஜூனில் வெளியாயிற்று. எழுத்துக்கூட்டலைப் பற்றி எதிர்ப்புகள் எழவே, சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது. ஆயினும் முதலில் நிலைநிறுத்த வேண்டியது ஊரின் தமிழ் வடிவத்தை. ஆங்கில வடிவம் அதன் பின்னர் வரவேண்டியது என்பதே நம் கருத்து.

காடாம்புலியூருக்குத் தெற்கே நெய்வேலிக்குச் சென்றால் மூன்றாவது வகைப் பிழையைக் காணலாம். அது காலத்தின் பிழை. 1957 மே மாதத்தில் நேரு தொடங்கிவைத்த சுரங்கப் பணி அன்று முதல் நிலத்தைத் தின்றவாறே நகர்கிறது. ஊர் இருந்த இடம் பள்ளமாகிறது. பள்ளம் இருந்த இடம் மண்மேடாகிறது. 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுப் பாதை வெட்டுவதற்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. ஆறே இடம் மாறும் மண்ணில், நேற்றைய வரைபடம் பொய்யாவது வியப்பன்று. புதிய வரைபடமோ இன்னொரு விதத்தில் பொய்யாகிறது. அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்கான தடயத்தை அது அடியோடு துடைத்துவிடுகிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வெளியேறியவர்கள், இன்று இல்லாத ஊரின் பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அப்பெயருக்கு இனி எந்தப் புள்ளியும் இல்லை.

ஒரு புள்ளி தவறினால் என்ன நேரும் என்று கேட்பவர்களுக்கு 2024 நவம்பரை நினைவூட்டலாம். உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூவர் உயிரிழந்தனர். கைப்பேசி வரைபடம் காட்டிய வழியில் அவர்கள் சென்றதாகச் செய்திகள் கூறின. பாலம் இல்லை என்பதை அந்தச் சுற்றுவட்டாரம் அறிந்திருந்தது, வரைபடம் அறிந்திருக்கவில்லை. நள்ளிரவில் பிரசவ வலியோடு ஒருத்தி காத்திருக்க, 108 வண்டி நாம் நின்ற முந்திரிக் காட்டில் போய் நின்றால் என்னாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறுவனங்களைக் குறைகூறிவிட்டு அமர்ந்திருப்பதில் பயனில்லை. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இந்தியர் நிலவரைபடத் தரவு தொகுப்பதற்கும் வெளியிடுவதற்கும் முன் அனுமதி பெற வேண்டிய நிலையைப் பெருமளவு நீக்கிவிட்டன. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் எவரும் தம் ஊரைத் தமிழிலேயே பதியலாம், திருத்தலாம். ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குட்பட்ட குக்கிராமம், ஏரி, கோயில், சாவடி ஆகியவற்றின் பெயர்களை ஊரார் சொல்லும் வடிவில் தொகுத்து, கிராம சபையில் படித்துக் காட்டி உறுதிசெய்து பொதுவில் வைக்கட்டும். அழிந்த ஊர்களும் அப்பட்டியலில் இடம்பெறட்டும், அழிந்த ஆண்டோடு. ஊர்ப்பெயராய்வு என்று ஏட்டளவில் தேர்வெழுதும் நம் தமிழ் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான களப்பணி வேறு இல்லை.

அந்த மூதாட்டி நம்மை வெறுமனே அனுப்பிவிடவில்லை. நண்பரின் தந்தை பெயரைச் சொன்னதும், ஆலமரம், தண்ணீர்த் தொட்டி, பூட்டிக்கிடக்கும் நூல்நிலையம் என்று வரிசையாகச் சொல்லி வழிகாட்டினார். ஓரிடத்தும் பிழை இல்லை. அவரிடம் இருப்பது எழுதப்படாத வரைபடம். அவர் இருக்கும்போதே அதை எழுதிக்கொள்வது நம் கடமை.