வளையமாதேவியும் வளையங்களும்

நெய்வேலியை அடுத்த வளையமாதேவியிலிருந்து ஒரு நேயர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுரங்க வேலைக்காகக் கால்வாய் வெட்டப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோது, 2023 ஜூலையில், நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டதே, அந்த ஊர்தான். நேயர் கேட்பதோ வேறு விஷயம். நுண்புல இயற்கணிதத்தைத் தாமே கற்க அவருக்கு ஆசை. ஆசிரியர் இல்லை, ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்குவது? அந்தக் கணிதத்தில் 'வளையம்' என்றே ஓர் அத்தியாயம் உண்டென்று கேள்விப்பட்டதிலிருந்து ஆவல் பிடித்துக்கொண்டதாம். ஊர்ப் பெயர் செய்த உபகாரம்!

கும்பகோணத்தில் ராமானுஜனுக்கு 1903-ல் கார் என்பவரின் தொகுப்பு நூல் கிடைத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகள், நிரூபணமோ சொற்பம். அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்க முனைந்தார். ஆகவே கடினமான நூலே உத்தமம் என்பார் சிலர். நமக்கு அது சம்மதமில்லை. ராமானுஜனுக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்திவிடாது.

ஹெர்ஸ்டைனின் 1964-ஆம் ஆண்டு நூல் பயிற்சிக் கணக்குகளுக்குப் பேர்போனது. ஆனால் இடறினால் கைகொடுக்க அருகில் ஒருவர் வேண்டும். டம்மிட்டும் ஃபூட்டும் எழுதியது தொள்ளாயிரம் பக்கத்தைத் தாண்டும். பிற்பாடு எடுத்துப் புரட்ட ஏற்றது. ஆர்ட்டின் நூல் அணிகளிலிருந்து தொடங்குகிறது. அணிகளில் பழக்கமுள்ளவருக்கு அது விருந்து. காலியனின் நூலில் உதாரணங்கள் ஏராளம். ஒற்றைப்படை எண்ணுள்ள கணக்குகளுக்குக் கடைசியில் விடையும் உண்டு. தனியே படிப்பவருக்கு நம்முடைய வாக்கு இதற்கே. பழைய பதிப்பே போதும்.

ஆயினும் நம் சொல்லை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். கடிகார முகத்தில் பன்னிரண்டைப் பூஜ்யமாகக் கொண்டால், மூன்றை நான்கால் பெருக்கப் பூஜ்யம் வருகிறது. பூஜ்யமல்லாத இரண்டு எண்கள் பெருகிப் பூஜ்யமாவதா! ஏழு மணிக் கடிகாரம் ஒன்று இருந்தால் இவ்விதம் நேராது. ஏன்? நூலகத்தில் புத்தகத்தை எடுத்து, வளையங்களைப் பற்றிய பகுதியைத் திறந்து பாருங்கள். காகிதமும் பென்சிலுமாக ஒரு மாலை உட்கார்ந்தால், இந்த 'ஏன்' உங்களுக்கு விளங்குகிறதா? விளங்கினால் அதுவே உங்கள் புத்தகம்.

ஒரு வேண்டுகோள். குலம், வளையம், களம் என்று தமிழில் சொற்கள் தயாராக இருக்கின்றன. கற்று முடித்ததும் அவற்றைக் கொண்டே ஊர்ப் பிள்ளைகள் இருவருக்காவது சொல்லிக்கொடுங்கள். அடுத்தவருக்கு விளங்கும்படி சொல்ல முடிந்த அன்றுதான் அந்தப் பாடம் நமக்குச் சொந்தமாகிறது.