சட்டியைக் கழுவியது யார்?



மலர்க்குழு அண்ணன் என்னிடம் கட்டுரை கேட்டபோது, 'இளைஞர் சக்தி', 'கணிப்பொறி யுகம்' என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார். நான் எழுதப் போவது சேமியாவையும் கோழிக்கறியையும் பற்றி! சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். முடித்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியது யார்?

எனக்கு ஊர் பள்ளிபாளையம். அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டுகிறார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி எட்டு மணி. அம்மா ஐந்தாவது வரை, அப்பா எட்டாவது வரை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு ஒரு தனி மரியாதை. "படிக்கிற புள்ளடா, அவனை எதுக்கும் கூப்பிடாதே" என்பார் அப்பா. நான் டிராயிங் ஷீட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் டம்ளரில் தண்ணீர் கூட கைக்கு வரும்.

அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்தவள் என் தங்கச்சி. அவள் பத்தாம் வகுப்பு. அவளும் படிக்கிற பிள்ளைதான் என்பது எங்கள் நான்கு பேரில் யாருக்குமே தோன்றவில்லை! பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரிசி களைவாள், குழம்பு வைப்பாள், நாங்கள் சாப்பிட்ட பிறகு பாத்திரம் தேய்ப்பாள், ஒன்பதரைக்குப் புத்தகத்தைத் திறப்பாள். பத்து மணிக்கு அதே புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 41. "பொட்டப்புள்ளைக்கு இது போதும்" என்றார் அம்மாயி. எனக்குச் சுருக்கென்றது. அந்த 41-க்கு நானும் ஒரு காரணம் இல்லையா?

அன்றிலிருந்து வாரநாட்களில் ராத்திரிச் சமையல் என்னுடையது என்று அறிவித்தேன். அறிவிப்பதில் நமக்கு என்ன குறைச்சல்! முதல் நாள் சோறு, குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் வைத்தேன். நன்றாகவே வந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் தொட்டியில் பதினோரு பாத்திரம் கிடந்தது. நான் போய்ப் படுத்துக்கொண்டேன். தங்கச்சி பத்தேகாலுக்கு வந்து படுத்தாள்.

நண்பர்களே, இதைத்தான் சொல்ல வருகிறேன். நம்மில் பல பேர் சமைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போட்டு, படம் எடுத்து, நாலு பேருக்கு அனுப்புகிறோம். அது சமையல் இல்லை, திருவிழா. செவ்வாய்க்கிழமை ராத்திரி யாரும் பார்க்காதபோது சமைத்து, அடுப்படியைத் துடைத்துவிட்டு வருவதுதான் சமையல். அதற்கு எத்தனை பாத்திரம் என்பதுதான் முதல் கணக்கு. ருசி இரண்டாவது.

2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கி, என் கணக்கில் முதல் 1000 ரூபாய் விழுந்தபோது நான் வாங்கி வைத்தது ஒரு கனமான இரும்பு வடச்சட்டி. (பிரண்ட்ஸ் எல்லாம் இயர்போன் வாங்கினார்கள்!) இப்போது எங்கள் ராத்திரிச் சாப்பாடு அந்த ஒரே சட்டியில் முடிகிறது.

எங்கள் ஊர் பெயரிலேயே ஒரு கறி இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கன். அதற்கு மசாலாப் பொடி, தக்காளி எதுவும் வேண்டாம். வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்த கறி என்று நினைக்கிறேன். அதே சட்டியில் சேமியாவைப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்தது.

முதலில் இரண்டு டம்ளர் சேமியாவைக் கொஞ்சம் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து ஒரு தட்டில் கொட்டிக்கொள்ளுங்கள். அது நான் சாப்பிடப் போகிற தட்டு. அதே சட்டியில் எண்ணெய் ஊற்றி, விதையை உதறிய வரமிளகாய் பத்து, கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கை. வதங்கியதும் சின்னதாக வெட்டிய கோழிக்கறி அரைக் கிலோ, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றாமல் மூட வேண்டும். மூடி எது? தங்கச்சி சாப்பிடப் போகிற தட்டு! கறி தானே தண்ணீர் விட்டு வெந்துவிடும், இருபது நிமிஷம். நடுவில் இரண்டு தடவை கிண்டிவிட்டுத் தேங்காய்ச் சில்லைப் போடுங்கள். கறி வெந்ததும் மூன்று டம்ளர் தண்ணீர். அது தளதளவென்று கொதித்த பிறகுதான் சேமியா.

இந்த 'கொதித்த பிறகு' என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் தடவை அவசரத்தில் வறுக்காத சேமியாவை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். மாவு கரைந்து மொத்தமும் பசையாகிவிட்டது. "ஏண்ணா, இது ஒர்க் ஷாப்புக்குக் கிரீஸா?" என்றாள் தங்கச்சி. தெர்மல் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் நான்! சேமியா போட்டதும் தீயைக் குறைத்து மூன்று நிமிஷம் மூடி வைத்து, அடுப்பை அணைத்துவிடுங்கள். இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மிச்சத்தை அதுவே வேக வைத்துவிடும். கேஸும் மிச்சம்.

சாப்பிட்டதும் கழுவ ஒரு சட்டி, ஒரு கரண்டி, நான்கு தட்டு, ஒரு டம்ளர். சட்டியைக் கழுவினால் மட்டும் போதாது. துணியால் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிஷம் காட்டி, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் துருப்பிடித்திருக்கும். மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கறி என்றால் ஞாயிறுதானே, வாரநாளில் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு கிலோ எடுப்போம். இப்போது அதையே புதன் அரை, ஞாயிறு அரை என்று பிரித்துவிட்டோம். மற்ற நாட்களில் அதே சட்டியில் முட்டை. புரட்டாசியில் மீல்மேக்கர். சட்டி மாறாது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "ஆம்பளப் புள்ளை கரண்டி புடிச்சா வீடு வெளங்குமா?" என்று அம்மாயி இரண்டு நாள் பேசவில்லை. அப்பா வேறு மாதிரி. "சேமியா காய்ச்சக்காரனுக்குத்தான்டா, தறி ஓட்டறவனுக்குச் சோறு வேணும்" என்றார். சாப்பிட்டார். அடியில் பிடித்திருந்த காந்தலைச் சுரண்டிக் கேட்டார். சோறு பற்றி அப்புறம் பேசவில்லை. தங்கச்சியிடம் நான்தான் வாய் தவறினேன். சேமியாவை இத்தாலிக்காரர்கள் வெர்மிசெல்லி என்பார்கள், அதற்குக் குட்டிப் புழுக்கள் என்று அர்த்தம் என்றேன். இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை!

ஆனால் ஏழு மணிக்கு அவள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அரையாண்டில் 63. என் சமையலால்தான் என்று சொல்ல மாட்டேன், அவள் போட்ட கணக்கு அது. உட்கார நேரம் மட்டும்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். இரண்டாவது ஆள் அடுப்படியிலேயே நின்றுபோயிருந்தால் என் டிப்ளமோவுக்கு என்ன மரியாதை?

கடைசியாக நம் பேரவைக்கு ஒரு கோரிக்கை. ஆண்டுவிழாவில் மாணவிகளுக்கு மட்டும் 'நெருப்பில்லாச் சமையல்' போட்டி வைக்கிறோம். வெள்ளரிக்காயைப் பூவாக வெட்டிப் பரிசு வாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் வையுங்கள், நெருப்போடு. ஆளுக்கு ஒரு சட்டி, நாற்பது நிமிஷம், நான்கு பேர் சாப்பாடு. நூற்றில் ஐம்பது மார்க் ருசிக்கு, ஐம்பது மார்க் கழுவி வைத்த சட்டிக்கு. நடுவராக நம் கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிற அக்காவைப் போடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வடச்சட்டியை நானே கொண்டு வருகிறேன்.

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை