மெஷினுக்கு ஒரு காற்று, மனிதனுக்கு ஒரு காற்று

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா சென்டருக்குள் கட்டட வேலை நடக்கும்போது தடுப்புச் சுவர் யாரைக் காப்பாற்றுகிறது?

கிரகணம் வந்தால் நாட்டின் பெரிய கோயில்கள் நடை சாத்திவிடும். 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்துக்குத் திருமலையிலும் சாத்தினார்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கும் காளஹஸ்தியின் வழக்கம் நேர்மாறானது. ராகு, கேது பரிகாரத் தலமான அங்கே கிரகணத்தின்போதும் கதவு திறந்தே இருக்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். கிரகணத்துக்காக மூடுவது என்ற பேச்சுக்கே இடமில்லாத கோயில் அது.

மூடாத இடத்துக்கும் ரிப்பேர் வரும். 2010 மே 26 இரவு அதைக் காளஹஸ்தி கண்ணால் பார்த்தது. 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏழு நிலை ராஜகோபுரம் இடிந்து மண்மேடானது. விரிசல் பெரிதாவதைப் பார்த்து முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ப்பலி இல்லை. கோபுரம் மூலக் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக நின்றதால் சந்நிதிகளுக்கும் ஆபத்தில்லை. இடிபாட்டை அள்ளி, அஸ்திவாரம் தோண்டி, மறுபடி ஏழு நிலை எழுப்பி, 2017 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளும் உள்ளே பூஜை நடந்துகொண்டுதான் இருந்தது. கோபுரத்துக்கும் கருவறைக்கும் இடையே இருந்த தூரம் கைகொடுத்தது.

அந்தத் தூரம் இல்லாத இடங்களில் என்ன செய்வது? இந்தக் கேள்வி இப்போது ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் முக்கியமாகிவிட்டது. காரணம், டேட்டா சென்டர்கள். விசாகப்பட்டினத்தில் ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் ஏற்கனவே பல மையங்கள் இயங்குகின்றன. இவற்றை யாரும் ஒரே மூச்சில் கட்டி முடித்துத் திறப்பதில்லை. முதல் ஹாலில் கம்ப்யூட்டர்கள் ஓடத் தொடங்கியபின் அடுத்த ஹால் எழும். வாடிக்கையாளர் கூடக் கூட இன்னொரு ஏசி, இன்னொரு ஜெனரேட்டர், இன்னொரு கேபிள் பாதை. அதாவது டிரில் ஓடும் சுவருக்கு மறுபக்கம் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கும், ரயில் டிக்கெட்டும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பஞ்சபூதத் தலங்களில் காளஹஸ்தி காற்றுக்குரியது. காற்றே புகாத கருவறையில் ஒரு விளக்கின் சுடர் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. டேட்டா சென்டரிலும் காற்றுதான் மூலவர். அது எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது, எதைச் சுமந்துவருகிறது என்பதில்தான் கட்டடத்தின் ஆயுள் இருக்கிறது.

முதலில் வெப்பம். கம்ப்யூட்டர்கள் அடுக்கிய ஒரு சாதாரண அலமாரி 5 முதல் 10 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். பத்து இஸ்திரிப் பெட்டிகளை இரவும் பகலும் அணைக்காமல் வைத்த மாதிரி. செயற்கை நுண்ணறிவுக்கான இன்றைய அலமாரி 100 கிலோவாட்டையும் தாண்டுகிறது. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதனால் அலமாரிகளை முகத்துக்கு முகம் பார்க்க நிறுத்தி, முன்பக்கம் குளிர்ந்த காற்று, பின்பக்கம் சூடான காற்று என்று இரண்டு சந்துகளாகப் பிரிக்கிறார்கள். உள்ளே நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்கிறது அமெரிக்க ஏசி என்ஜினீயர்கள் சங்கமான ஆஷ்ரே.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவே மேஸ்திரி ஒரு தடுப்பை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசிக்காகக் கட்டிய தடுப்பு, சூடான காற்று ஏசிக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடலாம். கேபிள் இழுக்கத் தரைப் பலகை நான்கைத் தூக்கினால், கீழே அழுத்தத்தோடு ஓடும் குளிர்காற்று அந்த ஓட்டை வழியாக வீணாகும். பத்தடி தள்ளியிருக்கும் அலமாரி மூச்சுத் திணறும். குளிர்காற்று அடியோடு நின்றால் சூடேற மணிக்கணக்கு வேண்டாம், நிமிடங்கள் போதும். 2022 ஜூலை 19 அன்று பிரிட்டனில் வரலாற்றில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. லண்டனில் கூகுள், ஆரக்கிள் மையங்களின் குளிர்சாதனம் திணறி, சில சேவைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே கட்டட வேலை எதுவும் காரணமல்ல, வெயில் மட்டும்தான். ராயலசீமைக்கு 40 டிகிரி புதிதல்ல. இங்கே வெயிலோடு கட்டட வேலையும் சேர்ந்தால் தவறு செய்ய இடமே இல்லை.

அடுத்தது தூசி. கம்ப்யூட்டர் ஹாலின் சுத்தத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல் ஐஎஸ்ஓ 14644 தரத்தின் 8ஆம் வகுப்பு. ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35.2 லட்சத்துக்கு மேல் இருக்கக்கூடாது. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றும். ஆனால் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அரை மைக்ரான் துகள் கண்ணுக்கே தெரியாது. கான்கிரீட்டில் ஒரே ஒரு துளை போட்டாலும் இப்படிப்பட்ட துகள்கள் கோடிக்கணக்கில் கிளம்பும்.

இவை மின்விசிறி வழியாக உள்ளே போய், சூட்டைக் கடத்தும் உலோகத் தகடுகளின் மேல் போர்வைபோலப் படியும். வெப்பமும் தூசியும் இரண்டு வேறு எதிரிகள் அல்ல. தூசி படிந்தால் வெப்பம் ஏறும். வெப்பம் ஏறினால் விசிறி வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் இன்னும் தூசியை இழுக்கும். சிமெண்ட் தூசி ஈரத்தையும் உறிஞ்சும். ஈரமான தூசி சர்க்யூட் போர்டை அரிக்கும், மின்சாரம் போகக்கூடாத இடத்தில் போக வழி செய்யும். இரும்பு வெட்டும்போது பறக்கும் பொடி இதையெல்லாம்விட மோசம். ஒரு துணுக்கு போதும், ஷார்ட் சர்க்யூட்டுக்கு.

மூன்றாவது சிக்கலை வெளியாட்கள் யோசிப்பதில்லை. புகையைக் கண்டுபிடிக்கும் கருவிக்குப் புகையும் தூசியும் ஒன்றுதான். டிரில் தூசியைப் பார்த்து அது அலறினால் தீயணைப்பு வாயு பீறிடும் அபாயம் உண்டு. வாயுதானே, தண்ணீர் இல்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கி தன் மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்தியது. வாயு பீறிட்ட சத்தத்தின் அதிர்விலேயே ஹார்டு டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை மணிக்கணக்கில் முடங்கியது. சரி, வேலை முடியும்வரை கருவியை அணைத்துவைக்கலாமா? அப்போது உண்மையிலேயே நெருப்புப் பிடித்தால் சொல்ல ஆளில்லை. அணைத்தே தீர வேண்டுமானால் அந்தப் பகுதியை மட்டும் அணைத்து, தீயணைப்பான் சகிதம் ஓர் ஆளைக் காவல் நிறுத்தி, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டியது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில், யுபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது நெருப்புப் பிடித்தது. அரசின் 709 கம்ப்யூட்டர் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமித்துவந்த 858 டெராபைட் கிடங்கு, மாற்றுப் பிரதி இல்லாததால் அழிந்தே போனது. கம்ப்யூட்டர்களுக்கு அருகிலேயே பேட்டரிகள் இருப்பது ஆபத்து என்றுதான் அவற்றை இடம் மாற்றவே முடிவு செய்தார்கள். பாதுகாப்புக்காகத் தொடங்கிய வேலையே விபத்தானது.

வேலையை நடத்தவே கூடாது என்பது இதற்கு அர்த்தமல்ல. முறைகள் இருக்கின்றன, புதியவையும் அல்ல. நோயாளிகளை வெளியேற்றாமல் ஒரு பகுதியை இடித்துக் கட்ட ஆஸ்பத்திரிகள் நெடுங்காலமாகப் பின்பற்றுபவைதான். அங்கே பயம், தூசியோடு வரும் பூஞ்சைக் கிருமி. இங்கே சிமெண்ட் பொடி. தரையிலிருந்து மேல்தளம்வரை தீப்பிடிக்காத தடுப்பு. கூரைப் பலகையோடு நிறுத்திவிட்டால் தூசி மேலே ஏறி மறுபக்கம் இறங்கும். தடுப்புக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு ஹெப்பா ஃபில்டர் பொருத்திய விசிறி உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளும். அப்போதுதான் சின்ன ஓட்டை இருந்தாலும் காற்று ஹாலிலிருந்து வேலை நடக்கும் பக்கம் போகும், எதிர்த் திசையில் வராது. நுழைய இரட்டைக் கதவு, நடுவே காலணித் தூசியைப் பிடிக்கும் ஒட்டும் பாய். அட்டைப் பெட்டிகளை ஹாலுக்கு வெளியே பிரிப்பது. துடைப்பத்துக்குத் தடை, ஃபில்டர் வைத்த வாக்குவம் மட்டும். ஹால் பக்கம் துகள்களையும் வெப்பத்தையும் எண்ணும் கருவிகள், அளவு மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில். தடுப்பு எழுப்பும் முன்பே காற்றுப் பாதையைக் கணக்கிட்டால் வெப்பச் சிக்கலும் பாதி தீர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்தால் மெஷின் பிழைத்துக்கொள்ளும். தடுப்புக்கு உள்ளே நிற்கும் ஆள்?

இந்த ஏற்பாட்டின் இன்னொரு முகம் அதுதான். தடுப்புச் சுவர் தூசியை ஒழிப்பதில்லை, ஓரிடத்தில் அடைத்துவைக்கிறது. அந்த இடத்தில்தான் டிரில்லைப் பிடித்த தொழிலாளி நிற்கிறார். கான்கிரீட்டிலும் கருங்கல்லிலும் சிலிக்கா உண்டு. அதன் நுண்பொடி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். வந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. வழக்கமாக வெளியே தெரியப் பத்து வருடத்துக்கு மேலாகும். அதற்குள் ஒப்பந்தக்காரர் மாறியிருப்பார், கட்டடம் கைமாறியிருக்கும், தொழிலாளி தன் சொந்த ஊரில் இருமிக்கொண்டிருப்பார். எந்தத் துளை போட்டபோது வந்தது என்று யார் நிரூபிப்பது? சுரங்கங்களும் கல் உடைக்கும் தொழிலும் நிறைந்த ராஜஸ்தான் இதற்காக 2019இல் தனிக்கொள்கையே வகுக்க வேண்டியிருந்தது. நாடெங்கும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 40 வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை தருவதாகச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் டிரில் பிடிப்பவர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள்.

வெப்பமும் அப்படியே. ஹாலில் 27 டிகிரி தாண்டினால் அலாரம் அடிக்கும். தடுப்புக்குள்ளோ கட்டடத்துக்கு வெளியே கம்பி கட்டும் இடத்திலோ 42 டிகிரியானாலும் அலாரம் கிடையாது. 2015 மே மாத வெப்ப அலையில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் சேர்த்து ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். வெயிலில் உழைத்தவர்கள் அவர்களில் ஏராளம்.

இதற்கும் வழி இருக்கிறது. தூசியைக் கிளம்பவிட்டு அடைப்பது ஒரு முறை. கிளம்பும் இடத்திலேயே பிடிப்பது இன்னொரு முறை. டிரில்லின் வாயிலேயே உறிஞ்சும் குழாய் வைக்கலாம். வெட்ட வேண்டியதை ஹாலுக்கு வெளியே, தண்ணீர் ஊற்றி வெட்டலாம். கம்பி, சட்டம், குழாய் எல்லாவற்றையும் பட்டறையிலேயே அளவெடுத்து வெட்டி, துளையிட்டுக் கொண்டுவந்து முடுக்கினால் மட்டும் போதும் என்று திட்டமிடலாம். தடுப்புச் சுவர் மெஷினை மட்டும் காக்கும். இந்த இரண்டாவது முறை மெஷினையும் காக்கும், மனிதனையும் காக்கும். செலவு கொஞ்சம் கூடும். ஒரு மணி நேரம் சேவை நின்றால் ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல.

கோடிக்கணக்கில் முதலீடு வருகிறது என்று மாநில அரசுகள் நிலமும் மின்சாரமும் சலுகை விலையில் தரப் போட்டி போடுகின்றன. அந்தச் சலுகையோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கலாம். துகள் எண்ணும் கருவி ஹால் பக்கம் ஒன்று இருந்தால், தொழிலாளி பக்கமும் ஒன்று. ஹாலில் அளவு மீறினால் வேலை நிற்கும் என்றால், தடுப்புக்குள் அளவு மீறினாலும் நிற்க வேண்டும். உள்ளே வேலை செய்த ஒவ்வொருவரின் பெயரும், தேதியும், மார்பு எக்ஸ்ரேயும் பதிவாக வேண்டும். உலகத்தின் விவரங்களையெல்லாம் சேமித்துவைக்கவே கட்டப்படும் கட்டடம் அது. அதைக் கட்டியவர்களின் விவரத்துக்கும் அதில் ஓர் இடம் இருப்பதில் சிரமம் என்ன இருக்க முடியும்?