‘அடுத்த கடை’ என்கிற சாட்டு

“நான் குடுக்காட்டி அடுத்த கடையிலை வாங்குவான்.” கரவெட்டியில் ஒழுங்கை முகப்பில் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் இதைச் சொல்கிறார், நெல்லியடியில் பெரிய கடை வைத்திருப்பவரும் சொல்கிறார். கேட்டு நிற்கும் நாங்களும் தலையாட்டிவிட்டு வருகிறோம். பள்ளிக்கூடப் பெடியன் ஒருவனின் கையில் ஒற்றைச் சிகரட் போய்ச் சேர இந்த ஒரு வசனம் போதுமாயிருக்கிறது.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் சிகரட்டோ மதுசாரமோ விற்பது குற்றம். தண்டப்பணம் உண்டு, சிறையும் உண்டு. “அப்பாவுக்காம்” என்று சொல்லி வாங்க வந்தாலும் விற்றது விற்றதுதான். 21 என்ற எல்லைக்கும் காரணம் இருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவனுக்கு வயது 18, 19. அவன் வாங்கலாம் என்றால் ஒன்பதாம் வகுப்புப் பெடியனுக்கு வாங்கிக் கொடுக்கப் பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே ஆள் இருக்கும். 21 என்றால் அந்த வழி அடைபடுகிறது.

“அடுத்த கடை” வாதத்தை ஓர் ஊர் சோதித்தே பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள நீடம், 2005இல் சிகரட் வாங்கும் வயதை 21 ஆக்கியது. சுற்றுவட்டார ஊர்கள் அப்படிச் செய்யவில்லை. சிகரட் வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குப் போனால் போதும். எங்கள் முதலாளிமாரின் கணக்குப்படி அங்கே எதுவும் மாறியிருக்கக் கூடாது. ஆனால் 2006இல் 13 வீதமாயிருந்த புகைக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர் தொகை 2010இல் 7 வீதமாகியது. சுற்றியிருந்த 16 ஊர்களில் அது 15இலிருந்து 12 வரைதான் இறங்கியது.

ஏன்? பதினைந்து வயதுப் பெடியன் சிகரட்டுக்கு இன்னும் அடிமையாகவில்லை. அவனிடம் இருப்பது ஆசையும் கொஞ்சத் துணிச்சலும். ஒரு கடையில் “இல்லை” என்றால் துணிச்சல் பாதி போய்விடும், இரண்டாவது கடையிலும் “இல்லை” என்றால் வீட்டுக்குத் திரும்புவான். அமெரிக்காவில் நாள்தோறும் புகைக்கும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரளவில் 18 வயதுக்குள் முதற் சிகரட்டைத் தொட்டவர்கள். அந்த வயதைத் தாண்டவிட்டால் பெரும்பாலும் பிள்ளை தப்பிவிடும்.

நகரத்துக் கடையில் காசு வாங்குபவர் அடையாள அட்டை கேட்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைக்காரருக்கோ வாசலில் நிற்பவன் யாற்றை பிள்ளை, எத்தனையாம் வகுப்பு என்பதெல்லாம் தெரியும். அவருக்குத் தெரியாததல்ல, அவர் அஞ்சுவது வேறு: மறுத்தால் அந்த வீட்டு வியாபாரம் போய்விடுமோ என்று. அந்தப் பயத்தைப் போக்கவேண்டியவர்கள் பெற்றோர். பிள்ளையிடம் காசைக் கொடுத்து “ஒரு சிகரட் வாங்கிக்கொண்டு வா” என்று அனுப்பும் தகப்பன்தான் கடைவாசலை அவனுக்கு முதலில் பழக்குகிறார்.

முதலாளிமாரே, அடுத்த கடைக்காரருக்கு நீங்கள்தான் அடுத்த கடை. ஒரே வீதியில் உள்ளவர்கள் கூடிப் பேசி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைத்து ஒரு முடிவெடுத்தால் அந்தச் சாட்டுக்கு இடமே இராது. “தம்பி, உனக்குத் தரமாட்டன்” என்று நாளைக் காலை ஒருவர் சொல்லட்டும். அன்றைக்கு அரிசியையும் சீனியையும் அவரிடமே வாங்குவது எங்கள் கடமை.